பக்கத்து இருக்கையின் குரல்

(கோவையில் மோட்டார் விளையாட்டு ஆர்வலர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கார் பந்தயத்தைப் பற்றிக் கோவையில் பேசுவது எனக்கு மகிழ்ச்சி. பம்பு செட்டும் மோட்டாரும் செய்து வளர்ந்த ஊர் இது. என்ஜின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லும் மெக்கானிக்குகள் நிறைந்த ஊர். ஃபார்முலா மாருதி காரை வடிவமைத்த கரிவரதன் இந்த ஊர்க்காரர். செட்டிபாளையம் பந்தயப் பாதை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன் போட்டியில் கலந்துகொண்ட முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்ப் பிள்ளைதான்.

நரேனைத் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். அவருடைய தந்தை ஜி.ஆர். கார்த்திகேயனும் ஒரு சாம்பியன் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர் அவர். மகன் ஓடிய சர்க்யூட்டைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிவிட்டோம். தந்தை ஓடிய காட்டுப் பாதை இன்னும் நமக்குச் சரியாக அறிமுகம் ஆகவில்லை. இன்றைய பேச்சு அந்தப் பாதையைப் பற்றியது.

நான் சொல்ல வந்த செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராலியை வேகத்தின் விளையாட்டு என்கிறார்கள். வேகம் அதில் உண்டு. ஆனால் அதைத் தாங்கி நிற்பது நம்பிக்கை. காருக்குள் இருக்கும் இருவர் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை, போட்டியாளர்கள் தமக்குள் வைத்த நம்பிக்கை, பாதையோரத்து ஊர் மக்களுக்கும் பந்தயத்துக்கும் இடையிலான நம்பிக்கை. இந்த மூன்றில் எது முறிந்தாலும் ராலி இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

முதலில் ராலி எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

சர்க்யூட் பந்தயத்தில் எல்லாக் கார்களும் ஒன்றாகக் கிளம்பி, ஒரே பாதையை ஐம்பது அறுபது முறை சுற்றி வருகின்றன. பத்துச் சுற்று ஓடியதும், எந்த வளைவில் எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்பது ஓட்டுநரின் காலுக்கே தெரிந்துவிடும். ராலியில் அந்த வசதி கிடையாது. ஓடுவது ஊர்ச் சாலையில், காட்டுப் பாதையில், மலையில். கார்கள் இரண்டு மூன்று நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாகக் கிளம்பும். பக்கத்தில் முந்துவதற்கு ஆள் இல்லை. கடிகாரம் மட்டுமே எதிராளி.

போட்டி நடக்கும் பகுதிக்கு ஸ்பெஷல் ஸ்டேஜ் என்று பெயர். போக்குவரத்தை நிறுத்தி, பாதையை முழுவதும் மூடிவிட்டு நடத்துவார்கள். ஒரு ஸ்டேஜ் ஐந்து கிலோமீட்டராகவும் இருக்கலாம், முப்பதாகவும் இருக்கலாம். உலக ராலி சாம்பியன்ஷிப்பின் ஒரு போட்டியில் மூன்று நான்கு நாட்களில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் இப்படி ஓட வேண்டும். நேரத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை அளந்து, எல்லா ஸ்டேஜ்களின் நேரத்தையும் கூட்டி, யாருடையது குறைவோ அவருக்கு வெற்றி. 2011-இல் ஜோர்டான் ராலியில் செபாஸ்டியன் ஓஜியர், ஜாரி-மட்டி லாட்வாலாவை வென்ற வித்தியாசம் 0.2 நொடி. பாலைவனத்தில் அத்தனை கிலோமீட்டர் ஓடி முடித்த பிறகு, கண் இமைக்கும் நேரத்தில் முடிவாகியிருக்கிறது.

ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்த ஸ்டேஜுக்கு அதே காரைப் பொதுச் சாலையில் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கே அவர்கள் உங்களையும் என்னையும் போலத்தான். நம்பர் பிளேட் வேண்டும், சிக்னலில் நிற்க வேண்டும், வேக வரம்பை மீறினால் அபராதம். சோதனைச் சாவடிக்கு இத்தனை மணிக்கு வர வேண்டும் என்று ஒரு அட்டையில் குறித்துக் கொடுத்திருப்பார்கள். 10.42-க்கு வர வேண்டியவர் 10.43-க்கு வந்தால் பத்து நொடி தண்டனை. அவசரப்பட்டு 10.41-க்கே உள்ளே நுழைந்தால் முழுதாக ஒரு நிமிடம் தண்டனை. தாமதத்தைவிட அவசரத்துக்குத் தண்டனை கூடுதல். வேகத்துக்குப் பேர்போன விளையாட்டின் சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு விதி இருப்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ராலி கேட்பது வெறும் வேகத்தை அல்ல, ஒழுங்குக்குள் நிற்கும் வேகத்தை.

வழியில் கார் பழுதானால் மெக்கானிக் வர முடியாது. குறித்த இடத்தில், குறித்த நேரத்துக்குள் மட்டுமே அவர்கள் காரைத் தொடலாம். மற்ற இடங்களில் காருக்குள் இருக்கும் இருவர், காருக்குள் இருக்கும் கருவிகளைக் கொண்டு தாங்களே சரிசெய்துகொள்ள வேண்டும். பனியிலும் சேற்றிலும் படுத்து ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவருக்கு இந்த விளையாட்டில் இடம் இல்லை.

அந்த இருவரில் ஒருவரை உங்களுக்குத் தெரியும். ஓட்டுநர். மற்றவர் பக்கத்து இருக்கையில் மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவர். கோ-டிரைவர் என்பார்கள், நம் ஊரில் நேவிகேட்டர் என்று சொல்வதே வழக்கம். இன்றைய பேச்சில் நான் அதிகம் நிற்கப்போவது இவர் பக்கத்தில்தான்.

போட்டிக்கு முந்தைய நாட்களில் ரெக்கி என்ற சுற்று நடக்கும். சாதாரணக் காரில், வேகக் கட்டுப்பாட்டோடு, ஒவ்வொரு ஸ்டேஜையும் இரண்டு முறை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டுநர் ஒவ்வொரு வளைவையும் பார்த்துச் சொல்லச் சொல்ல, நேவிகேட்டர் பென்சிலால் எழுதிக்கொள்வார். இரண்டாவது முறை அதைப் படித்துக்காட்டித் திருத்துவார். இரவில் விடுதி அறையில் வீடியோவைப் போட்டுப் பார்த்து மறுபடி திருத்துவார்கள். இப்படி உருவாவதுதான் பேஸ் நோட்ஸ்.

அதன் மொழி எப்படி இருக்கும்? ஒரு வரியைச் சொல்கிறேன். "நூறு, ரைட் ஃபோர் ஓவர் கிரெஸ்ட், இன்டு லெஃப்ட் டூ, டைட்டன்ஸ், டோன்ட் கட்." பொருள் இதுதான். நூறு மீட்டர் நேராகப் போ. பிறகு நடுத்தரமான வலது வளைவு. ஆனால் அது ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது, மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாது. அதை முடித்த கையோடு கூர்மையான இடது வளைவு வருகிறது. அந்த வளைவு போகப் போக இன்னும் ஒடுங்கும். உள்பக்க ஓரத்தில் ஏறி நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்காதே, அங்கே கல்லோ பள்ளமோ இருக்கிறது. இவ்வளவும் நான்கைந்து நொடிக்குள் சொல்லப்படுகிறது. பலரும் பயன்படுத்தும் முறையில் ஒன்று என்றால் மிகக் கூர்மையான வளைவு, ஆறு என்றால் ஏறக்குறைய நேர்ப்பாதை. சிலர் இதையே தலைகீழாக வைத்துக்கொள்வார்கள். ஒரு ஜோடியின் நோட்டுப் புத்தகம் இன்னொரு ஜோடிக்குப் பயன்படாது.

என்ன சொல்வது என்பதைவிட எப்போது சொல்வது என்பதே பெரிய கலை. மணிக்கு 120 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் 33 மீட்டர் கடக்கிறது. ஒரு நொடி தாமதமாகச் சொன்னால் வளைவு வந்துவிடும். மூன்று வளைவுகளை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஓட்டுநருக்கு மறந்துவிடும். இத்தனைக்கும் நேவிகேட்டர் பாதையைப் பார்ப்பது மிகக் குறைவு. குனிந்த தலை குனிந்தபடி புத்தகத்தைப் படிக்கிறார். கார் எந்தப் பக்கம் சாய்கிறது, எப்போது மேட்டில் எழும்புகிறது என்பதை இருக்கை வழியாக உடம்பால் உணர்ந்து, தாம் எந்த வரியில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறார். குலுங்கும் காரில், ஹெல்மெட்டுக்குள், பதற்றமே இல்லாத ஒரே சீரான குரலில் அது வந்துகொண்டே இருக்க வேண்டும். குரலில் பயம் தெரிந்தால் ஓட்டுநரின் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விடும்.

சிக்மகளூர்ப் பக்கம் காபித் தோட்டங்களுக்குள் நடக்கும் ஸ்டேஜ் ஒன்றை ஓரமாக நின்று பார்த்தபோதுதான் இதன் முழுப் பொருள் எனக்கு விளங்கியது. கார் வருவதற்கு வெகு முன்பே சத்தம் வந்துவிடும். தோட்டத்துக்குள் அது வளைந்து வளைந்து நெருங்கும். பிறகு ஒரு கணம், செம்மண் திருப்பத்தில் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு கார் தெரியும். கற்கள் அடிப்பக்கத்தில் படபடவென்று அடிக்கும். மறுகணம் கார் இல்லை. புழுதி மட்டும் நிற்கும். காற்றில்லாத நாளில் மரங்களுக்கு நடுவே அந்தப் புழுதி கலையவே கலையாது. அடுத்த கார் அதற்குள் வந்து நுழைகிறது. ஓட்டுநருக்கு முன்னால் செந்நிறத் திரை தவிர வேறொன்றும் இல்லை. ஆனாலும் சரியான இடத்தில் பிரேக் விளக்கு சிவப்பாக எரிகிறது, சரியான இடத்தில் கார் திரும்புகிறது. கண்ணுக்கு வேலை இல்லாத இடத்தில் காது ஓட்டுகிறது. இரண்டு நாளுக்கு முன் தான் சொன்னதை, நண்பர் பிழையில்லாமல் எழுதி, சரியான நொடியில் திருப்பிச் சொல்கிறார் என்று நம்பி அந்த மனிதர் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார்.

இந்த முறைக்கு ஒரு புகழ்பெற்ற முன்னோடிக் கதை உண்டு. 1955-இல் இத்தாலியில் நடந்த மில்லே மிலியா பந்தயம். பிரேசியாவிலிருந்து ரோமுக்குப் போய்த் திரும்பும் ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் பொதுச் சாலை. அந்தச் சாலைகளிலேயே வளர்ந்த இத்தாலியர்களை வெளியூர்க்காரர் வெல்வது அரிது. பிரிட்டனைச் சேர்ந்த ஸ்டிர்லிங் மாஸ் பக்கத்தில் டெனிஸ் ஜென்கின்சன் என்ற பத்திரிகையாளர் உட்கார்ந்தார். முன்னமே அந்தப் பாதையில் போய் எடுத்த குறிப்புகளை நீண்ட காகிதச் சுருளில் எழுதி, ஒரு சிறு பெட்டிக்குள் வைத்து உருட்டிக்கொண்டே வந்தார். என்ஜின் இரைச்சலில் பேச்சுக் கேட்காது என்பதால் எல்லாம் கைச்சாடைதான். அடுத்த பக்கம் தெரியாத மேடுகளை மாஸ் அந்தச் சாடையை நம்பி வேகம் குறைக்காமல் தாண்டினார். 10 மணி 7 நிமிடம் 48 நொடியில் முடித்தார்கள். சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டருக்கும் மேல். அந்த வெற்றியில் பாதி ஜென்கின்சனுடையது என்று சொன்னால் மிகையாகாது.

அதனால்தான் உலக ராலி சாம்பியன்ஷிப்பில் கோ-டிரைவருக்கும் தனியாகச் சாம்பியன் பட்டம் இருக்கிறது. பிரான்சின் செபாஸ்டியன் லோப் 2004 முதல் 2012 வரை தொடர்ந்து ஒன்பது முறை உலகச் சாம்பியன் ஆனார். ஒன்பது முறையும் பக்கத்தில் இருந்தவர் மொனாக்கோவின் டேனியல் எலெனா. 1981-இல் இத்தாலியின் சான்ரெமோ ராலியை வென்று, உலகச் சாம்பியன்ஷிப் ராலி ஒன்றை வென்ற முதல் பெண் ஓட்டுநர் என்ற பெருமையைப் பெற்றார் மிஷேல் மூட்டோன். அவர் பக்கத்தில் இருந்தவர் ஃபப்ரிசியா போன்ஸ் என்ற பெண். அடுத்த ஆண்டு இந்த ஜோடி போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் என மூன்று ராலிகளை வென்றது. மூட்டோன் உலக அளவில் இரண்டாம் இடம் பிடித்தார்.

ராலி நடக்கும் நிலமும் அதன் பண்பாட்டில் பாதி. மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

மொனாக்கோவின் மான்டே கார்லோ ராலி 1911-இல் தொடங்கியது. குளிர்காலத்தில் ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்து கிளம்பி மான்டே கார்லோவில் வந்து சேர வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. 1973-இல் உலகச் சாம்பியன்ஷிப் பிறந்தபோது அதன் முதல் போட்டியும் இதுதான். இன்று ஆல்ப்ஸ் மலைச் சாலைகளில் நடக்கிறது. ஒரே ஸ்டேஜில் ஒரு திருப்பத்தில் காய்ந்த தார், அடுத்ததில் ஈரம், அதற்கடுத்த நிழலில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி. எல்லாவற்றுக்கும் பொருந்தும் டயர் என்று ஒன்று கிடையாது. ஆகவே போட்டிக்குச் சற்று முன் ஒரு குழு அந்தப் பாதையில் போய், எங்கெங்கே பனி உறைந்திருக்கிறது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக் கொடுக்கும். பார்க்காத பாதையை இன்னொருவர் கண்ணால் ஓட்டும் வழக்கம் அங்கே இன்னும் ஒரு படி மேலே போகிறது.

பின்லாந்துக்குப் போனால் கதை வேறு. 1951 முதல் யுவஸ்குலா நகரைச் சுற்றி நடக்கும் ராலி அது. காட்டுக்குள் இறுகிய மண் சாலை, ஒன்றன்பின் ஒன்றாக மேடுகள். கார்கள் அந்த மேடுகளில் பறக்கும். கார் எழும்பும் முன்பே அடுத்த வளைவுக்கு ஏற்ற திசையில் அதைத் திருப்பி வைக்க வேண்டும். காற்றில் இருக்கும்போது ஸ்டியரிங் எதற்கும் உதவாது. பின்லாந்தில் ஓட்டுநர் உரிமம் வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் வழுக்கும் சாலையில் காரைக் கட்டுப்படுத்தும் பயிற்சி உண்டு. ஐம்பத்தைந்து லட்சம் பேர் மட்டுமே வாழும் அந்த நாடு இத்தனை உலகச் சாம்பியன்களைத் தந்ததற்கு அந்தச் சாலைகளும் அந்தக் குளிர்காலமும்தான் காரணம். சிறு வயதிலேயே தந்தையிடம் கார் ஓட்டக் கற்ற கல்லே ரொவன்பெரா, உரிமம் வாங்கும் வயது வருவதற்கு முன்பே லாட்வியாவில் ராலி ஓடினார். ஸ்டேஜுக்குள் பையன் ஓட்டுவான். பொதுச் சாலை வந்ததும் நேவிகேட்டர் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். 2022-இல், 22 வயது முடிந்த மறுநாள், அவர் உலகச் சாம்பியன் ஆனார்.

மூன்றாவது, கிழக்கு ஆப்பிரிக்காவின் சஃபாரி ராலி. 1953-இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் கென்யா, உகாண்டா, தாங்கனிக்கா மூன்றையும் சுற்றி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். வெயில் அடித்தால் மாவு போன்ற புழுதி, மழை பெய்தால் முழங்கால் சேறு, குறுக்கே வரிக்குதிரை. 1963-இலும் 1968-இலும் ஏழே ஏழு கார்கள்தான் முடிவிடத்தை எட்டின. அங்கே பெயர் எடுத்தவர்களில் இந்திய வம்சாவளியினர் இருவர் உண்டு. கென்யாவில் பிறந்து பட்டறையில் தொழில் கற்ற ஜோகிந்தர் சிங், 1965-இல் தம்பி ஜஸ்வந்தோடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட ஒரு பழைய வால்வோ காரில் சஃபாரியை வென்றார். பிறகு 1974, 1976-இலும் வென்றார். பறக்கும் சீக்கியர் என்று கென்யா அவரைக் கொண்டாடியது. ஷேகர் மேத்தா 1973-இலும், பிறகு 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறையும் வென்றார். அந்த நான்கிலும் மைக் டவ்டி என்ற ஒரே நேவிகேட்டரே அவர் பக்கத்தில் இருந்தார். காரைக் காப்பாற்றிக்கொண்டு போகத் தெரிந்தவருக்கே சஃபாரி வசப்படும் என்பதற்கு இந்த இருவருமே சாட்சி. 2002-க்குப் பிறகு உலகச் சாம்பியன்ஷிப்பிலிருந்து விலகியிருந்த சஃபாரி, 2021-இல் திரும்பி வந்திருக்கிறது.

இப்போது இரண்டாவது நம்பிக்கைக்கு வருகிறேன். போட்டியாளர்களுக்குள் உள்ள நம்பிக்கை.

ஒவ்வொரு ராலி காரிலும் ஒரு அட்டை இருக்கும். ஒரு பக்கம் ஓ.கே., மறுபக்கம் சிவப்பில் எஸ்.ஓ.எஸ். கார் கவிழ்ந்து, உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றுமில்லை என்றால் பின்னால் வருகிறவர்களுக்கு ஓ.கே. காட்ட வேண்டும். சிவப்புப் பக்கத்தைக் கண்டால் பின்னால் வருகிறவர் நின்றே ஆக வேண்டும். முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, கடைசி ஸ்டேஜ் என்றாலும் சரி. ஆள் நடமாட்டமே இல்லாத காட்டில், ஆம்புலன்ஸுக்கு முன்னால் அங்கே வந்து சேர்வது அடுத்த போட்டியாளரின் கார்தான். நின்று உதவியவருக்கு இழந்த நேரம் பின்னர் ஈடுசெய்யப்படும். ஆனால் நிற்கும் அந்த நொடியில் யாரும் அதைக் கணக்குப் பார்ப்பதில்லை.

2005-இல் பிரிட்டனின் வேல்ஸ் ராலியில் மார்க்கோ மார்ட்டினின் கார் மரத்தில் மோதி, அவருடைய கோ-டிரைவர் மைக்கேல் பார்க் இறந்துபோனார். அந்த ராலியில் முதலிடத்தில் இருந்தவர் லோப். வென்றால் அன்றே உலகச் சாம்பியன். ஒரு மரணத்தின் நிழலில் பட்டம் வாங்க அவருக்கு மனம் வரவில்லை. வேண்டுமென்றே நேரத் தண்டனை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார். பட்டத்தை அடுத்த ராலியில் வாங்கிக்கொண்டார். இந்த விளையாட்டின் பண்பாடு என்ன என்று யாராவது கேட்டால் நான் அவர்களுக்குச் சொல்வது இந்த நிகழ்ச்சியைத்தான்.

மூன்றாவது நம்பிக்கை பாதையோரத்து மக்களுடையது. இதில் ராலி தவறிய காலமும் உண்டு. அதையும் சொல்லாமல் விடக் கூடாது.

1982-இல் குரூப் பி என்ற பிரிவு வந்தது. 200 கார் தயாரித்துக் காட்டினால் போதும், மற்றபடி பொறியாளர்கள் கைக்குப் பெரிய கட்டுப்பாடு இல்லை. நான்கு சக்கரங்களையும் என்ஜின் இயக்கும் முறையை ஆடி குவாட்ரோ ஏற்கெனவே நிலைநாட்டியிருந்தது. டர்போ சக்தி ஆண்டுதோறும் ஏறியது. ஒரு டன்னை ஒட்டிய எடையில் 450 குதிரைத் திறனைத் தாண்டிய கார்கள் வந்தன. கூட்டமும் பெருகியது. போர்ச்சுகலில் ரசிகர்கள் சாலை நடுவிலேயே நிற்பார்கள். கார் நெருங்கும் கடைசி நொடியில் விலகுவார்கள். சிலர் ஓடும் காரைத் தொட்டுப் பார்க்க முயல்வார்கள். 1986 மார்ச்சில் அந்தக் கூட்டத்துக்குள் ஒரு கார் பாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். முன்னணி ஓட்டுநர்கள் ஒன்றுகூடி, இனி இந்த ராலியில் ஓட மாட்டோம் என்று கையெழுத்திட்டு விலகினார்கள்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மே 2-ஆம் தேதி கோர்சிகாத் தீவில் ஹென்ரி டோய்வோனனின் லான்சியா டெல்டா எஸ்4 தடுப்புச் சுவர் இல்லாத ஒரு இடது வளைவில் சாலையை விட்டு இறங்கிக் கீழே விழுந்து தீப்பிடித்தது. அவரும் கோ-டிரைவர் செர்ஜியோ க்ரெஸ்டோவும் இறந்தார்கள். அந்த ஆண்டு ஜனவரியில்தான் அவர் மான்டே கார்லோவை வென்றிருந்தார், தந்தை பவுலி அதே ராலியை வென்று இருபது ஆண்டுகளுக்குப் பிறகு. விபத்து நடந்த சில மணி நேரத்திலேயே, அடுத்த ஆண்டு முதல் குரூப் பி கிடையாது என்று அறிவிப்பு வந்தது.

நம் நாட்டிலும் 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் நடந்த தேசிய ராலியில், பந்தயத்துக்காக மூடியிருந்த பாதைக்குள் மோட்டார் சைக்கிளில் வந்த ஒரே குடும்பத்தினர் மூன்று பேர் ராலி கார் மோதி இறந்தார்கள். இதை நாம் மறக்கக் கூடாது. அந்தப் பாதை பந்தயத்துக்காகப் போட்டது அல்ல. ஆடு மாடு ஓட்டிப் போகவும், பிள்ளைகள் பள்ளிக்குப் போகவும், விளைந்ததைச் சந்தைக்கு ஏற்றவும் அந்த ஊர் போட்டுக்கொண்ட பாதை. நாம் அதை ஒரு நாள் இரவல் வாங்குகிறோம். இரவல் வாங்குகிறவனுக்குத்தான் பொறுப்பு. ஒரு வாரத்துக்கு முன்பே வீடு வீடாகப் போய் நேரத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையின் வாயிலிலும் ஒரு ஆள் நிற்க வேண்டும். போட்டிக் கார்களுக்கு முன்னால் பாதுகாப்புக் கார்கள் ஓடி, பாதை காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆள் நிற்கக் கூடாத இடத்தில் நின்றால் ஸ்டேஜை ரத்து செய்யும் துணிவு அதிகாரிகளுக்கு வேண்டும்.

அந்தத் துணிவுக்கு ஒரு முகம் சொல்கிறேன். குரூப் பி முடிந்த 1986-இலேயே மிஷேல் மூட்டோனும் ராலி ஓட்டுவதை நிறுத்திக்கொண்டார். இரண்டு ஆண்டு கழித்து, டோய்வோனன் நினைவாக ரேஸ் ஆஃப் சாம்பியன்ஸ் என்ற போட்டியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். பிறகு உலக ராலியின் பாதுகாப்புப் பொறுப்பை ஏற்றார். எந்தக் கூட்டத்தின் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினாரோ, அந்தக் கூட்டத்தைப் பின்னுக்கு நகர்த்தும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தார். அவர் ஓடி வென்ற நான்கு ராலிகளைவிட இது பெரிய பணி என்பது என் எண்ணம்.

நம் பக்கத்துச் செய்தி சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953 முதல் இயங்குகிறது. 1980-இல் நசீர் ஹூசைன் தொடங்கிய இமாலய ராலி பத்தாண்டு காலம் வெளிநாட்டு ஓட்டுநர்களை நம் மலைகளுக்கு அழைத்து வந்தது. கௌரவ் கில் ஆசிய பசிபிக் ராலி பட்டத்தை 2013, 2016, 2017 ஆண்டுகளில் வென்று, 2019-இல் அர்ஜுனா விருது பெற்றார். மோட்டார் விளையாட்டுக்கு அந்த விருது வந்தது அதுவே முதல் முறை. 2022-இல் ஸ்பெயினின் எஃப்ரென் யாரேனா ஐரோப்பிய ராலிச் சாம்பியன் ஆனபோது அவர் காரில் இருந்தவை சென்னை எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் டயர்கள். ஆக, இந்த விளையாட்டில் நாம் வேடிக்கை பார்ப்பவர்கள் மட்டும் இல்லை.

இங்கே வந்திருக்கும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இது. ராலி பார்க்கப் போனால், வளைவின் வெளிப்பக்கம் நிற்காதீர்கள். சாலையைவிட மேட்டில், பின்னால் ஓட இடம் இருக்கும் இடத்தில் நில்லுங்கள். பாதையைக் காக்கும் மார்ஷல் விசில் ஊதினால் பேச்சுக் கொடுக்காமல் நகருங்கள். வெயிலிலும் மழையிலும் சம்பளம் இல்லாமல் நிற்கிறவர் அவர். கலந்துகொள்ள ஆசை என்றால், டி.எஸ்.டி. (டைம், ஸ்பீட், டிஸ்டன்ஸ்) ராலியில் தொடங்குங்கள். உங்கள் வீட்டுக் காரே போதும். சட்டப்படியான வேகத்தில், கொடுத்த சராசரியைப் பிசகாமல் காத்து ஓட வேண்டும்; முந்தினாலும் பிந்தினாலும் புள்ளி போகும். அந்த ராலியில் ஜெயிப்பது நேவிகேட்டரின் கணக்குத்தான்.

ஓட்டுநர் ஆக வேண்டும் என்று கனவு காண்கிறவர்கள் அதற்கு முன் ஒரு பருவமாவது இடப்பக்க இருக்கையில் உட்காருங்கள். இன்னொரு பருவம் மார்ஷலாகப் பாதையோரம் நில்லுங்கள். ஒருவர் உயிர் உங்கள் குரலை நம்பியிருக்கும்போது எப்படிப் பேச வேண்டும் என்று முதலாவது கற்றுத்தரும். பாதையோரத்து ஊர்க்காரரின் கண்ணுக்குக் கார் எப்படித் தெரிகிறது என்று இரண்டாவது கற்றுத்தரும். இவ்விரண்டையும் கற்றவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தால், அவர் வேகமாக ஓட்டுவார், நம்பத் தகுந்தவராகவும் ஓட்டுவார். கோவைக்கு அப்படிப்பட்ட சாம்பியன்கள் இன்னும் பலர் கிடைக்க வேண்டும்.